இயந்திரம் நின்றிருந்த நேரம்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான மறு ஆண்டு, மாசி மாதத்தில் என் மகள் ஊருக்கு வந்தாள். என் மனைவியின் தம்பி மகளுக்குக் கல்யாணம். அதற்காக மூன்று வார விடுப்பு. பங்குனியில் ஊரடங்கு வந்தது, விமானங்கள் நின்றன. அவள் திரும்பிப் போனது அடுத்த தை மாதம். இடையில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்ததை, நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தேதியில்லாத தாள் செல்லாது என்பது அங்கே படிந்த பழக்கம். ஓய்வுக்கு முன்பிருந்தே தினமும் ஒரு வரி எழுதி வருகிறேன்: மழை பெய்ததா, கோமுகி அணையில் தண்ணீர் திறந்தார்களா, ஊரில் யார் காலமானார்கள். யாருக்கும் பயன்படும் என்று எழுதுவதில்லை. எழுதாவிட்டால் அந்த நாள் கணக்கில் வராதது போல் இருக்கும்.

மகளின் வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் பூமிக்கடியில் ஒரு பெரிய வளையச் சுரங்கம் இருக்கிறது. அதில் அணுவின் உட்துகள்களை இரண்டு பக்கமிருந்தும் ஓடவிட்டு மோத வைக்கிறார்கள். மோதும் இடத்தைச் சுற்றி, பிறப்பதைப் பதிவு செய்யும் டிடெக்டர் என்ற கருவி ஒரு கட்டடம் அளவுக்கு நிற்கிறது. மோதலில் பிறப்பவை பெரும்பாலும் பிறந்த கணமே அழிந்துவிடும். அவற்றைத் தேட ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். என் மகள் தேடியது வேறு. மோதலில் பிறந்து, உடனே சாகாமல், மெதுவாக நகர்ந்து டிடெக்டரின் உலோகத்துக்குள் எங்கோ சிக்கி நின்றுவிடும் ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். இதுவரை யாரும் பார்த்ததில்லை. இருந்தால் அது ஒரு மணி நேரம் கழித்தோ ஒரு வாரம் கழித்தோ அங்கேயே உடையும். அந்த நேரத்தில் இயந்திரம் நின்றிருக்கலாம். சுரங்கத்தில் ஆளே இல்லாமல் இருக்கலாம். அப்போது டிடெக்டருக்குள் திடீரென்று ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைத்தான் அவள் தேடினாள்.

என் மச்சானுக்கு, அதாவது கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்கு, இது புரியவேயில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். ஊரடங்கு தளர்ந்த பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை வந்துவிடுவார்.

“இன்னா பாப்பா, மெசினு ஓடும்போது தேடறவன் தேடறான், அது நாயம். நின்னு போனப்புறம் நீ இன்னாத்த தேடற? ஆலை மூடனப்புறம் கரும்பு ஏத்திக்கினு போய் நின்னா என்ன எவனாவது மதிப்பானா?”

“ஆலை மூடி ஒரு வாரம் ஆச்சுன்னு வச்சுக்கோங்க மாமா. உள்ள ஒரு ஆள் இல்ல. கரண்டும் இல்ல. நீங்க வாசல்ல நிக்கறீங்க. உள்ள இருந்து கரும்பு அரைக்கற சத்தம் கேக்குது. இன்னா பண்ணுவீங்க?”

மச்சான் என்னைப் பார்த்தார். “வண்டிய எட்துக்கினு ஓடிடுவன்.”

“நான் உள்ள போவேன். அதுக்குத்தான் சம்பளம்.”

எல்லோரும் சிரித்தோம். அன்று சிரிக்க முடிந்தது.

அவள் இயந்திரத்தையே தொடத் தேவையில்லை. அது அப்போது பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தது. முந்தைய ஆண்டுகளில் பதிவானவற்றைத்தான் கணினி வழியாகப் பார்த்தாள். இயந்திரம் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று ஒரு பட்டியல். நின்றிருந்த மணி நேரங்களில் டிடெக்டர் எதையாவது கண்டதா என்று ஒரு தேடல். கண்டதெல்லாம் அவள் தேடுவது ஆகிவிடாது. வானத்திலிருந்து ஓயாமல் துகள்கள் பொழிந்துகொண்டிருக்கின்றன. மண்ணையும் பாறையையும் துளைத்துக்கொண்டு சுரங்கம் வரை போகின்றன. “இப்பக்கூட உங்க கை வழியா போய்க்கினு இருக்குப்பா” என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைப் பார்த்தேன். அவற்றையும், கருவியின் சொந்தக் கோளாறுகளையும் கழித்துவிட்டு மிச்சம் எதுவும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கழிக்கும் விதிகளையெல்லாம் முதலில் வேறு பதிவுகளை வைத்து முடிவு செய்துவிட வேண்டும். விடை இருக்கக்கூடிய பகுதியை அதுவரை பார்க்கக் கூடாது. அதைப் ‘பெட்டி’ என்பார்கள். குழுவில் எல்லோரும் விதிகளைப் படித்து, கேள்வி கேட்டு, ஒப்புதல் தந்த பிறகுதான் பெட்டி திறக்கும். திறந்த பிறகு ஒரு விதியையும் மாற்ற முடியாது.

பெட்டி எங்கோ பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. எங்கள் முன்னறை மேசை மீதிருந்த அவள் கணினியிலேயே இருந்தது. ஒரு வரி தட்டினால் போதும்.

“ஒரு கண்ணு பாத்தா எவனுக்குடி தெரியப் போவுது?” என்று என் மனைவி கேட்டாள்.

“எனக்குத் தெரியும்மா. பாத்துட்டா அப்புறம் மனசு அங்கயே இழுத்துக்கினு போவும். பிடிச்சத வச்சுக்கினு பிடிக்காதத கழிக்கும். நான் பண்றேன்னு எனக்கே தெரியாது.”

அந்த ஆண்டு முடிவோடு அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. பெட்டியில் ஏதாவது இருந்தால் நீளும். அதைத் தொடர்ந்து துருவ ஆள் வேண்டுமல்லவா. ஒன்றும் இல்லையென்றால் ‘ஒன்றும் இல்லை’ என்று கட்டுரை எழுதிவிட்டு அவள் வேறு வேலை தேட வேண்டும். ஏழு வருடமாக இதையே செய்தவள். எங்கள் வீட்டில் மூவருக்கும் இது தெரியும். மேசையைக் கடந்து போகும்போது கணினிப் பக்கம் திரும்பாமல் போகப் பழகிக்கொண்டோம்.

ஆடியிலிருந்து எங்கள் தெருவின் நிறம் மாறியது. எதிர் வீட்டுக்காரர் உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்குச் சரக்குப் பிடித்துத் தருகிறவர். போய் வந்து பல நாள் நன்றாகத்தான் இருந்தார். வாசலில் நின்று என்னிடம் விலைவாசி பேசினார். பிறகு ஒரு காலை ஆம்புலன்ஸ் வந்தது. அவரே நடந்து போய் ஏறினார். திரும்பி எங்களுக்குக் கை காட்டினார். மதியம் அந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். ஒரு வாரம் போனதும் அவர் காலமான செய்தி வந்தது. உள்ளே இருந்த மனைவிக்கும் பிள்ளைக்கும் அதைத் தகரத்துக்கு வெளியே நின்றுதான் சொன்னார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் அந்தத் தகரம் ஆணியில் மோதிச் சத்தம் போட்டது. மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்தாள்.

இதற்கு முன்பு நடந்த ஒரு சிறிய விஷயத்தை, வரிசை தப்பினாலும், இங்கே சொல்லிவிடுகிறேன். கூடத்துக் கடிகாரம் பங்குனியிலிருந்தே தகராறு. பேட்டரி மாற்றினாலும் நின்று நின்று ஓடும். என் மனைவி அடுப்படியிலிருந்து மணி கேட்பாள். மகள் கணினியின் மூலையைப் பார்த்துச் சொல்வாள். ஆனால் கணினியில் இருந்தது அந்த ஊர் நேரம். அவள் மனக்கணக்குப் போட்டுச் சொல்வதற்குள் பால் பொங்கிவிடும்.

“நம்ம வூட்ல ஒக்காந்துகினு எந்த ஊர் நேரத்தயோ வச்சுக்கினு இருக்கற” என்று மனைவி அலுத்துக்கொள்வாள். மகள் மாற்றவில்லை. திரும்பிப் போய்விடுவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனியில் இரண்டாவது முறையும் விமானம் ரத்தானது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கணினியின் கடிகாரத்தை நம் நேரத்துக்கு மாற்றினாள். “இந்தாம்மா, இனிமே கரெக்டா சொல்றேன்” என்றாள்.

ஐப்பசியில் ஒப்புதல் வந்தது. அவர்களுக்குப் பிற்பகல், நமக்கு விளக்கு வைக்கும் நேரம். கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்து, மின்னல் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தது. கணினியில் சிறு சிறு கட்டங்களில் முகங்கள். அவளுடைய மேலதிகாரி நரைத்த தலையுள்ள ஒரு பெண்மணி. நானும் மனைவியும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

மகள் அந்த ஒரு வரியைத் தட்டினாள்.

வானத்துத் துகள்களாலும் கோளாறுகளாலும் ஒன்று வரலாம், இரண்டு வந்தாலும் வியப்பில்லை என்பது அவர்களுடைய கணிப்பு. வந்தது ஏழு.

கணினியில் ஒருவர் ஏதோ சொன்னார், இன்னொருவர் சிரித்தார், எல்லோரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். மேலதிகாரி மட்டும் முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டு வந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தவரை, வெளியே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றும், ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கடைசியில் மகளின் ஒப்பந்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றும் சொன்னார்.

மனைவி சர்க்கரை எடுத்துக்கொண்டு வந்தாள். மகள் கையால் தடுத்தாள். “அப்புறம் போடும்மா” என்றாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கைப்பேசியில் செய்தி மேல் செய்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில், “சிக்னல் கெடைக்காத எடத்துக்குக் கூட்டிக்கினு போங்கப்பா” என்றாள். ஸ்கூட்டரில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகப் போகப் போக அவளுடைய கைப்பேசி ஓய்ந்தது. மேலே மழை விட்டிருந்தது. பனிமூட்டத்தில் மரங்களின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது.

சாலையோரம் ஒரு டீக்கடை. நடத்தியவள் மலைக்காரப் பெண். எங்களைக் கண்டதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, “அங்கயே நில்லுங்க” என்றாள். டீயை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள். நாங்கள் போய் எடுத்துக்கொண்டோம்.

“எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கோம்” என்றேன்.

“எல்லாரும் அதத்தாங்க சொல்றாங்க. ஆடியில ஒருத்தரு கீழருந்து வந்தாரு. சிரிச்சுப் பேசிக்கினு சோறு துன்னுட்டுப் போனாரு. ஒரு தும்மல்கூட இல்ல. அவரு போயி எத்தினி நாளோ ஆனப்புறம் எங்க ஊர்ல ஒவ்வொருத்தரா படுத்தாங்க. வந்தன்னைக்கே தெரிஞ்சா இன்னாத்துக்குங்க பயம்?” காசையும் கல்லின் மேலேயே வைக்கச் சொன்னாள்.

மகள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். “ஏழையும் பாத்துட்டேம்பா. வானத்துலருந்து வந்த மாதிரி இல்ல. கோளாறு மாதிரியும் இல்ல. ஒண்ணுலயும் ஒரு குத்தம் கண்டுபுடிக்க முடியல.”

“நல்லதுதானே?”

“நான் சந்தோஷப்படணும். ஆனா பயமா இருக்கு. உள்ள நெஜமாவே ஏதோ ஒண்ணு இருக்குன்னா, அது இருக்குன்னு மொதல்ல தெரிஞ்ச ஆளு நான். இல்லன்னா, எங்கயோ தப்பு பண்ணிட்டு அது தப்புன்னு தெரியாத ஆளு நான். இந்த ரெண்டுல எதுன்னு தெரியல.”

திரும்பி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வளைவுகளில் அவள் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். சிறுவயதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து துணி மாற்றிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். கூடத்துக் கடிகாரம் மறுபடி நின்றிருந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்: “மணி இன்னாடி ஆச்சு?”

மகள் திரையின் மூலையைப் பார்த்தாள். “ஆறே கால்மா.”

சொன்ன பிறகும் கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை. நான் எதிரே இருந்தேன். அவள் முகம் வெளிறிப்போனது. அவசரமாக எதையோ திறந்தாள், தேடினாள், இன்னொன்றைத் திறந்தாள்.

விஷயம் இதுதான். இயந்திரம் நின்ற நேரங்களின் பட்டியலை அவள் அந்த ஊரில் இருக்கும்போதே செய்திருந்தாள். கடைசிப் பகுதிப் பதிவுகள் தாமதமாக வந்ததால் அதற்கான பட்டியலை மட்டும் ஆவணியில் எங்கள் வீட்டில் செய்தாள். இயந்திரக் குறிப்பில் மணி எழுதியிருக்கும், எந்த ஊர் மணி என்று எழுதியிருக்காது. எழுதவும் தேவையில்லை, எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அந்த ஊரிலேயே இருப்பவர்கள். அவளுடைய கணக்கிடும் நிரலோ, கணினியின் கடிகாரம் எந்த ஊருக்கு வைத்திருக்கிறதோ அந்த ஊர் மணி என்று எடுத்துக்கொள்ளும். ஆனியில் கடிகாரம் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டது. அந்தக் கடைசிப் பகுதியில் பட்டியல் முழுவதும் மூன்றரை மணி நேரம் முன்னால் நகர்ந்திருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த மணி நேரங்கள் நின்றிருந்தவையாகக் கணக்கில் வந்துவிட்டன.

“மெசினு ஓடிக்கினு இருந்தப்ப வந்த சத்தம்பா. நின்னப்ப வந்ததுன்னு நெனச்சுட்டேன்.”

ஏழில் ஆறு அந்தப் பகுதியில் இருந்தன.

அவள் வேலையை எத்தனையோ பேர் பார்த்து ஒப்புதல் தந்திருந்தார்கள். அவர்கள் பார்த்தது விதிகளை, விதிகளில் தவறில்லை. யாருடைய கணினி எந்த ஊர் நேரத்தில் இருக்கிறது என்று கேட்க அவர்களுக்கு ஏன் தோன்றப் போகிறது? ஊரடங்கில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் போகும் நம்பிக்கை போய், கடிகாரத்தை மாற்றிய ஒருத்திக்குத்தான் அந்தத் தவறு வரும்.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். புரிந்தவரை கேட்டாள். “சொல்லித்தான் ஆவணுமா?” பிறகு தாழ்ந்த குரலில், “வேலை நீளும்னு அந்தம்மா சொன்னாங்களே” என்றாள்.

“சொல்லணும்மா.”

“தானா அவங்களுக்குத் தெரிய வருமா?”

“வராது. அதான் இன்னும் பயமா இருக்கு.”

அன்று இரவே எழுதி அனுப்பிவிட்டாள். பெட்டி திறந்த பிறகு எதையும் மாற்றக் கூடாது என்ற வழக்கத்தை மீறுவதற்கு முழுக் குழுவும் கூட வேண்டும். அந்தக் கூட்டம் கார்த்திகையில், கடலோரத்தில் புயல் கரையைக் கடந்த வாரத்தில் நடந்தது. எங்களுக்கு இங்கே இரண்டு நாளாக மழை. மின்சாரம் இல்லை. மீதமிருந்த சார்ஜிலும் கைப்பேசி இணைப்பிலும் அவள் பேசினாள். திரையின் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில். எதிர் வீட்டுத் தகரத்தை அதற்குள் எடுத்திருந்தார்கள். அங்கே விளக்கு ஏற்றவில்லை.

அவள் பேசி முடித்ததும் மேலதிகாரி நன்றி என்றார். வேறு தவறு எதுவும் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறாய் என்று ஒருவர் கேட்டார். சொல்ல முடியாது என்றாள். வந்த ஏழும் உனக்குத் திருப்தியாக இருந்திருந்தால் இந்தத் தவறைத் தேடியிருப்பாயா என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு அவள் பதில் சொல்ல ஆரம்பித்தபோது சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தது. என்ன சொல்லவிருந்தாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

பட்டியலைத் திருத்தி, அந்த ஊரில் வேறு இருவர் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். மிஞ்சியது ஒன்று. கணிப்பும் ஒன்றுதான். ஆகவே கட்டுரையில் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் வரும். ஒப்பந்தம் நீளவில்லை, மரியாதையாகவே சொன்னார்கள். தை மாதம் போய் அறையைக் காலி செய்துவிட்டு, வேறு ஊரில் கிடைத்த வேறு வேலைக்குப் போவதென்று முடிவானது.

அந்த ஒன்றைப் பற்றி மார்கழியில் ஒரு நாள் கேட்டேன்.

“2017. புரட்டாசி. மெசின பழுது பாக்க நிறுத்தியிருந்தாங்க. விடியற்காலை. உள்ள யாரும் இல்ல.” தேதியையும் சொன்னாள், மனப்பாடமாக இருந்தது.

“வானத்துலருந்து வந்ததுதானே?”

“இருக்கலாம். ஒண்ணு வரும்னுதான் எதிர்பார்த்தோம்.”

“இல்லன்னா?”

“இல்லன்னா, இன்னொண்ணு வரும்பா. எப்பன்னு சொல்ல முடியாது. வர்றப்ப பாக்க நான் அங்க இருக்க மாட்டேன்.”

அவள் கிளம்பிய அன்று ஆலை அரவை நடந்துகொண்டிருந்தது. கரும்பு டிராக்டர்களைத் தாண்டி மச்சான் வந்து சேர்ந்தார். கார் வாசலில் நின்றது. மகள் கணினியை மூடுவதற்கு முன் கடிகாரத்தைப் பழையபடி மாற்றிக்கொண்டாள். மனைவி அதைப் பார்த்தாள்.

மச்சான் சூழ்நிலையை இளக்கப் பார்த்தார். “இன்னா பாப்பா, மூடன ஆலைக்குள்ள சத்தம் கேக்குதுன்னு பூச்சாண்டி காட்டினியே, இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல மாமா. ஓடற ஆலை சத்தம்தான். நான்தான் தப்பா கேட்டுட்டேன்.”

“நான் அன்னிக்கே சொல்லல?”

“ஒரே ஒரு தடவ மட்டும்தான் கேட்டுச்சு.”

“எப்ப?”

“நெஜமாவே மூடியிருந்தப்ப.”

மச்சான் அவளுடைய பயணப் பெட்டியை எடுத்துக் காரில் வைத்தார்.

கார் போன பிறகு உள்ளே வந்து 2017ஆம் ஆண்டு நோட்டை எடுத்தேன். அவள் சொன்ன நாளில் என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘மழை இல்லை. விசேஷம் ஒன்றுமில்லை.’ அதன் பக்கத்தில் ஏதாவது சேர்க்கலாம் என்று பேனாவைத் திறந்தேன். மூடி வைத்துவிட்டேன்.